கல்லுப்பு போட்டுத் தேய்த்த சட்டி

ரோடிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் தாடை எலும்பு கூடும்வரை தன் வீட்டில் மாமலிகாச் சோளக்களியைப் பாலில் கரைத்துத்தான் தருவதாக அத்தை சொன்னார்.

அன்று மண்சட்டிகளையெல்லாம் சுவரில் அடித்து நொறுக்கினீர்கள். நான் ஓடுகளைக் கூட்டி அள்ளினேன். பிறகு பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து அடுப்புப் பக்கம் இழுத்தீர்கள். வார்ப்பிரும்புச் சட்டியை எடுத்தேன்.

"அடிச்சுத்தான் பாரேன்டி" என்று சிரித்தீர்கள்.

அடித்தேன்.

சோப்பு பட்டால் சட்டி பாழாகிவிடும் என்பதால், ரத்தத்தைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்தேன். பன்றிக்கொழுப்பு தடவி அடுப்பில் காயவைத்ததும் பழைய கறுப்பு திரும்பிவிட்டது.

இப்போதெல்லாம் ரோடிகாதான் அதில் முட்டை பொரிக்கிறாள். நேற்று அதைத் தோளுக்குமேல் உயர்த்திக் காட்டி, "ரெண்டு கையாலயும் பிடிச்சா எனக்கும் ஓங்க வருதும்மா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

வராதீர்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா