ஜெபமணி விதியும் மூன்றாவது மானியும்

நாள் 211, காலை 08:10
அணு உலை சீராக ஓடுகிறது. உலை அறைக்குள் இருக்கும் கதிர்வீச்சு மானிகள் 1, 2 இயல்பு. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் மானி 3 மட்டும், கதிர்வீச்சு கூடுகிறது என்று மூன்று நாளாகக் கத்துகிறது. சனியன்.
பதிவு செய்பவர் எஸ்தர் ஜெபமணி, அணு இயற்பியலாளர். பிறப்பு பாளையங்கோட்டை, குடியுரிமை அமெரிக்கா. செவ்வாய்த் தளத்தில் தனியாள். நாளை மறுநாள் ‘மின்மினி’ கப்பலில் ஒன்பது பேர் வந்து இறங்குகிறார்கள்.

நாள் 211, 11:40
மூன்று மானிகளில் இரண்டு சொல்வதை நம்பு, ஒத்துவராததைத் தள்ளு. இது என் விதி. முப்பது வருஷம் டென்னசியில் மாடாய் உழைத்தேன். பெட்டியளவு உலையை முதலில் ஓட்டிக் காட்டியது நான், பரிசு வாங்கியது என் மேலதிகாரி. எனக்கு மிஞ்சியது பாடப்புத்தகத்தில் ‘ஜெபமணி விதி’ என்ற ஒற்றை வரி. அதன்படி மானி 3-ஐக் கழற்றிவிட்டேன். நிம்மதி.

நாள் 212, 09:25
உலை அறைச் சுவர் சுடுகிறது. மானிகள் 1, 2 நேற்றைவிடக் குறைவாகக் காட்டுகின்றன. குறைந்தால் ஏன் சுடுகிறது? புது மானி ஒன்றைக் கதவருகே நீட்டினேன். முள் எகிறியது, பிறகு மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.
அடி முட்டாளே! கதிர்வீச்சு அளவுக்கு மீறினால் இந்த மானிகள் எண்ண முடியாமல் திணறிப் பூஜ்யம் காட்டும். முதலாண்டு மாணவனுக்கே தெரியும். சுவருக்குப் பின்னால் இருந்ததால் 3 மட்டும்தான் ஒழுங்காக எண்ணியிருக்கிறது. உண்மை சொன்னதைக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

09:50
உலையை இயக்கும் தானியங்கியும் அந்த இரண்டு பொய்யையே நம்புகிறது. உலை தணிகிறது என்று நினைத்து, கட்டுப்பாட்டுத் தண்டுகளை வெளியே இழுத்து இன்னும் கொதிக்க வைக்கிறது. எரிபொருள் உறையில் விரிசல். தளம் முழுக்கக் கதிர்வீச்சு கக்கும் நச்சுத் தூசி.

10:30
‘இறங்காதீர்கள்’ என்று அனுப்பினேன். கப்பல் தலைவர் தவசிக்கனி எங்கள் ஊர்ப்பக்கத்து நாசரேத்துக்காரர், பத்து வருஷப் பழக்கம். மானிகளின் கணக்கு அவர் திரைக்கும் போகிறது. அவர் பதில்: “மேடம், ரெண்டு மானியும் கம்மியாத்தான காட்டுது? உங்க விதியத்தான சொல்லுதோம்? தனியா இருந்து களைச்சுப் போயிட்டீய. கொஞ்சம் படுத்துத் தூங்குங்க.”
தூங்கணுமாம்! என் பேச்சுக்கு இல்லாத மரியாதை என் பெயர் வைத்த விதிக்கு.

11:15
நான்கு முறை விளக்கி அனுப்பிவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. தானியங்கியும் என் கட்டளையை ஏற்கவில்லை: ‘இரண்டு மானிகளின் ஒப்புதல் தேவை.’
உள்ளே போய் 1, 2 இரண்டின் கம்பிகளையும் வெட்டினால், மானியே இல்லையென்று உலை தானாக அணையும். மின்சாரமும் போகும், என்னால் செய்தி அனுப்ப முடியாது. வெட்டாவிட்டால் மாலைக்குள் உலை உருகிவிடும். உள்ளே போனவள் பிழைக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். ‘இறங்கினால் சாவு’ என்று கடைசியாக அனுப்பிவிட்டுப் போகிறேன்.

12:05
வெட்டிவிட்டேன். உலை அணைந்தது. வாந்தி நிற்கவில்லை.

நாள் 213, 07:40
பேட்டரியில் கேட்கும் கருவி மட்டும் ஓடுகிறது. கனியின் குரல்: “மேடம், உங்க சத்தத்தையே காணோம். கரண்ட் போயிட்டோ? பயப்படாதீய. உங்கள விட்டுட்டுப் போவமா? மத்தியானம் இறங்குதோம்.”
நல்ல மனுஷன். பாவி, நல்ல மனுஷன்!

11:20
வெளிக்கதவில் எழுதி வைக்கலாமென்று பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினேன். மேஜையைத் தாண்ட முடியவில்லை. அதனடியிலேயே விழுந்துவிட்டேன்.

தரை அதிர்கிறது. வந்துவிட்டார்கள்.

கனி, இதை என் பக்கத்தில் நின்றுதான் படிக்கிறீர். கையில் இரண்டு மானி இருக்கும். இரண்டும் பூஜ்யம் காட்டியதால் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பீர். உடனே திரும்ப மாட்டும். என்னைத் தூக்க வேண்டாம். வாசலில் நிற்கிற எட்டுப் பேரையும் உள்ளே விடாதீர். படித்தது போதும், ஓடு