நீ பார்க்க, நான் குடித்த தண்ணீர்

ஏட்டி,

இன்று காலை தக்கலையில் ஒரு பழக்கடைக்காரரோடு சண்டை போட்டேன். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்திருப்பாய். என் சித்தி மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். சுகமில்லாதவளைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கடை முன்னால் நின்றேன். நன்றாகப் பழுத்த மட்டி வாழைக்குலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கா அக்கா? அப்போ மட்டி கொண்டு போங்க. எந்தச் சீக்குக்கும் நல்லது" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஒரு சீப்பை வெட்டினார்.

"என்ன சீக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம பழத்தை வெட்டுகியளே, உயிரு போனா நீங்களா வந்து பதில் சொல்லுவிய?" என்று கத்திவிட்டேன்.

அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். கால் ஒடிந்தவள் வாழைப்பழம் தின்றால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்கக் கை வரவில்லை. பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் சித்தி மகளின் முகம் சுருங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். பழம்கூட வாங்காமல் வந்திருக்கிறாளே என்று சொந்தக்காரர்களிடம் இந்நேரம் சொல்லி முடித்திருப்பாள்.

உன் கால் முதன்முதலில் வீங்கியபோது நாம் இரண்டு பேரும் செருப்பைத்தான் குற்றம் சொன்னோம், நினைவிருக்கிறதா? புதுச் செருப்பு கடிக்கிறது என்று கடைக்குக் கொண்டு போய் மாற்றினோம். மாற்றிய செருப்பும் கடித்தது. கடைக்காரனைத் திட்டுவதற்கு நான்தான் கூட வந்தேன். அப்புறம் முகமும் வீங்கத் தொடங்கியது. இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன என்று டாக்டர் சொன்னார்.

என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் மிக இனிமையாகப் பேசினாள். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, பலாச்சக்கை கூடாது, ஆரஞ்சு கூடாது. மரச்சீனிக் கிழங்கு ஆசையாக இருந்தால் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்து, எப்போதாவது கொஞ்சம். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், கஞ்சியும் டீயும் அந்தக் கணக்கில்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "எதுக்குப் பிள்ளே இவ்வளவு கஷ்டப்படுக? கன்னியாகுமரி ஜில்லாவே எனக்குக் கூடாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிரலாமே!"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் நீ ரோட்டோர வாழைகளையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

மற்ற யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால்கூட ஆறியிருக்கும். உனக்குப் போய் வாழைப்பழத்தைத் தடுப்பதா? தையல் மெஷினை விட்டு எழுந்தால் நீ போய் நிற்பது வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைகளுக்கு நடுவில்தான். விற்பதற்கு அல்ல, உன் சந்தோஷத்துக்கு. எங்கே யார் வீட்டில் புது ரகம் கண்டாலும் வெட்கமில்லாமல் கன்று கேட்டு வாங்கி வருவாய். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பது போல அதுகளைப் பற்றிப் பேசுவாய். "ஏத்தன் பெரிய இடத்து மாப்பிள்ளை கேட்டியா? நல்ல உயரம், நல்ல நிறம். ஆனா ஒரு காத்தடிச்சா சாஞ்சிருவான், முட்டுக் கொடுக்கணும். மட்டிய பாரு, பாத்தா ஆளு ஒண்ணும் இல்ல. பக்கத்துல போனா மணக்கும்." கல்யாணமே செய்துகொள்ளாத தோழி என்னிடம் வந்து இதைச் சொல்வாய்.

உனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நம் ஊர் வழக்கம் தெரியாதா? வந்த எல்லோர் கையிலும் பழம். ஒருவர் ஆரஞ்சு, ஒருவர் இளநீர். களியக்காவிளையிலிருந்து உன் மாமி ஒரு முழு ஏத்தன் குலையையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "தெனமும் ரெண்டு பழம் புழுங்கித் தின்னு மக்கா. ரத்தம் ஊறும்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு பாசமா கொல்ல வாறாவ, பாத்தியா?" என்றாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இதெல்லாம் ஆகாதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்னட்டி?" என்று கேட்டேன்.

"சொன்னா அவியளுக்க மொகம் வாடிரும். இவ்வளவு தூரம் சொமந்துக்கிட்டு வந்திருக்காவ. நீ தின்னு, அழுகிப் போகாம."

அப்படித்தான் நான் தின்னத் தொடங்கினேன். சும்மா விழுங்கவும் நீ விடவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்பாய். இனிக்கிறது என்று சொன்னால், "அது எனக்குத் தெரியாதா? வேற சொல்லு" என்பாய். பள்ளிக்கூட ஆபீசில் கணக்குப் பார்த்தே காலம் கழித்தவள் நான், எனக்கு ருசியைப் பற்றி என்ன சொல்லத் தெரியும்? ஆனாலும் உனக்காகப் பழகிக்கொண்டேன். முதலில் நாக்கில் ஒட்டுகிறது, அப்புறம் வழுக்குகிறது, கடைசியில் லேசாகப் புளிக்கிறது என்று சொல்லும்போது நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். நீ மெலிந்தாய், நான் பெருத்தேன். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று உனக்கு ஏக சந்தோஷம். "எனக்கு கிட்னி, உனக்கு சுகர். வாட்டி, ரெண்டு பேருமா ஒரு ஆஸ்பத்திரி தொடங்குவோம்" என்றாய்.

பழம் இல்லாமல் இருப்பதையாவது பொறுத்துக்கொண்டாய். தாகம்தான் உன்னை அழித்தது. ஐஸ் கட்டியை வாயில் போட்டு உருட்டுவாய். வாய் கொப்புளித்துத் துப்புவாய், துப்பியதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். உன் முன்னால் தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு சித்திரை வெயிலில் எனக்குத் தலை சுற்றியபோது நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"நீ வெள்ளம் குடிக்காம இருந்தா எனக்கு மூத்திரம் வந்திருமா? போய் எடுத்துட்டு வா."

நான் உள்ளே போய் நின்றபடி குடித்துவிட்டு வரப் பார்த்தேன்.

"அங்க இல்ல. இங்க வந்து இரி. பைய குடி. தொண்டையில சத்தம் கேக்கணும். நான் பாக்கேன்."

குடித்தேன். நீ என் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டம்ளர் காலியானதும் நீ பெருமூச்சு விட்டாய். சேலைத் தலைப்பால் உன் வாயைத் துடைத்துக்கொண்டாய். "நல்லா இருந்துது" என்றாய். தன் கடையிலிருந்து சாப்பிட வந்த உன் வீட்டுக்காரர் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். ரெண்டுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், பின்வாசல் வழியாக வாழைகளுக்கு நடுவில் போய் வெகுநேரம் நின்றார். அவருடைய சிறுநீரகம் உனக்குச் சேரவில்லை. மகள் தருகிறேன் என்றாள். "அவ இனிதான் பிள்ளை பெறணும்" என்று நீ சம்மதிக்கவே இல்லை. உன்னிடம் பேசி யார் ஜெயித்தார்கள்?

அதன்பிறகு தினமும் அது நடந்தது. நான் குடிப்பேன், நீ பார்ப்பாய். டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்க்கும் சிஸ்டர் ஒருநாள், "எடை கூடியிருக்கே அக்கா, வெள்ளம் குடிச்சியளா?" என்று அதட்டினாள். நீ என்னைக் கை காட்டி, "நான் இல்ல சிஸ்டர், இவதான் குடிச்சா" என்றாய். படுக்கைகளில் மெஷினோடு கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறைதான் நீ விளையாட்டை விட்டுப் பேசினாய். ஆனி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முற்றம் நிறைந்து ரோட்டுக்கு ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துக்கொண்டே, "இவ்வளவு வெள்ளம் சும்மா போகு. எனக்கு ஒரு மடக்கு இல்லியே ஏட்டி" என்றாய். காய்ச்சல் என்றால் நெற்றியில் துணி நனைத்துப் போடலாம், வலி என்றால் தடவிக் கொடுக்கலாம். தாகத்துக்குப் பக்கத்தில் இருப்பவள் என்ன செய்வாள்? ஜன்னலைச் சாத்தப் போனேன். சாத்தாதே என்றாய். மழைமேலும் உன்மேலும் என்மேலும் ஆத்திரம் பொங்கியது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று போட்டுக் கழுவினேன்.

போன வருடம் உன் இதயம் தளர்ந்துவிட்டது. மெஷினில் போட்டால் பிரஷர் நிற்கவில்லை. டாக்டர் உன் வீட்டுக்காரரையும் என்னையும் அறைக்கு வெளியே கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, "இனி டயாலிசிஸ் செய்ய முடியாது. அவங்க என்ன கேக்காங்களோ குடுங்க" என்றார். அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்போம். உன் வீட்டுக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே வந்தேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "என்னட்டி, பத்தியம் முடிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

"அப்போ வெள்ளம் தா."

டம்ளர் நிறைய ஊற்றினேன். அதுவரை உனக்கு அப்படி நிறைத்துத் தந்ததே இல்லை. தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தேன். ஒரு மடக்கு உள்ளே போனது, மிச்சம் கடைவாயில் வழிந்தது. நீ போதும் என்றாய்.

"இன்னும் குடிட்டி. எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்" என்று கெஞ்சினேன். உன்னைக் குடிக்காதே குடிக்காதே என்று காவல் காத்த அதே நான் கெஞ்சினேன்.

"எறங்க மாட்டேங்கு" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "நீ குடி. நான் பாக்கேன்" என்றாய்.

குடித்தேன். பைய, தொண்டையில் சத்தம் வரும்படி குடித்தேன். டம்ளர் பாதியாவதற்குள் உன் கண்கள் மூடிக்கொண்டன. தூங்கிவிட்டாய் என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தேன். மறுநாள் விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் வாழைகளை உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். எனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் என்னைத் திட்டுகிறார். குடிக்கத்தான் நினைக்கிறேன், ஏட்டி. வீட்டில் தனியாக இருக்கும்போது எவ்வளவு தாகம் எடுத்தாலும் நிறைந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து பார்க்கட்டும் என்று நின்றுகொண்டே இருக்கிறேன்.