அம்மா ஒதுக்கிய மஞ்சள் கரு

அன்புள்ள பாப்புவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மாவும் குளித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே முழுசும் படிக்கும் முன்னால் பதறிப்போய் போனை எடுக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் எப்போதும் எங்கள் நினைப்பு.

போன வாரம் அம்மா தையல்கடையில் மயங்கி விழுந்துவிட்டாள். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்திருக்கிறாள், கையில் கத்தரிக்கோல், நல்லவேளை எங்கேயும் குத்தவில்லை. கடைக்காரம்மா பேக்கரிக்குப் போன் பண்ணியபோது நான் கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்தேன், கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, “ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, பி பன்னிரண்டு விட்டமினும் அடிமட்டத்துல இருக்கு, வீட்டுல என்னதான் சாப்பிடுறீங்க” என்று கேட்டார். அம்மா உடனே, கறி இல்லை, பால் இல்லை, முட்டையில் வெள்ளை மட்டும் என்றாள், நல்ல மார்க் வாங்கின பிள்ளை மாதிரி. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்குத் தரையைப் பார்க்கவேண்டியதாகிவிட்டது.

உன் மாமா மாரடைப்பில் போனதிலிருந்தே இப்படித்தான் பாப்பு. முட்டையை வேகவைத்து மஞ்சளைத் தோண்டி எடுத்துப் பின்கட்டுப் பூனைக்கு வைத்துவிடுவாள். பூனை உருண்டையாகிவிட்டது, இவளுக்குச் சட்டை தோளில் நிற்காமல் நழுவுகிறது. கேட்டால் கொழுப்பு என்பாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். தினமும் அட்டை அட்டையாக முட்டை உடைக்கிறவன் நான். தண்ணீரில் போட்டால் மூழ்குவது புதுசு, மிதப்பது பழசு, ஓடு பழுப்போ வெள்ளையோ உள்ளே சத்து ஒன்றுதான், இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த பி பன்னிரண்டும், டி விட்டமினும், இரும்பும் பெரும்பாலும் மஞ்சளில்தான் இருக்கின்றன, புரதத்தில்கூடப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில்தான் என்பது டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவின் ரத்தத்தில் கொழுப்பு அளவாகத்தான் இருக்கிறதாம், மாத்திரையோடு தினம் ஒரு முழு முட்டை தாராளமாகச் சாப்பிடலாமாம். இந்த லட்சணத்தில் நீ வேறு, உடற்பயிற்சிக்குப் போகுமுன் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வேண்டாம் கண்ணு. அதில் கிருமி இருந்தால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும், தவிரவும் வேகவைத்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேருமாம். அடுப்பைப் பற்றவைக்க உனக்கு என்ன அவ்வளவு சோம்பல்.

வீட்டுக்கு வந்ததும் நானே முட்டை வேகவைத்து, உரித்து, தட்டில் வைத்தேன். அம்மா மஞ்சளைத் தொடவில்லை. கெஞ்சினேன், கோபித்துப் பார்த்தேன், மறுநாளும் அதே கதைதான். படுத்திரு என்றாலும் கேட்காமல் தையலுக்கும் கிளம்பிவிட்டாள். வேலையில் எனக்குக் கை ஓடவில்லை, பன் கொடுக்கிற சாக்கில் தையல்கடைப் பக்கம் போய் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஒருநாள் நான் குரலை உயர்த்திவிட்டேன், அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அன்னைக்குக் காலையில தம்பி கேட்டான்னு ரெண்டு முட்டை பொரிச்சுக் குடுத்தேன். சாப்பிட்டுட்டுப் போனவன் திரும்பி வரலையே” என்றாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இவள் மனசுக்குள் இது கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை பாப்பு.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது, அந்த முட்டையால்தான் மாமா போனாரா என்று அம்மா எதிரிலேயே கேட்டேன். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாமா சிகரெட் பிடிப்பாரா, ரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று விசாரித்தார். சிகரெட்டை விட்டதுமில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டதுமில்லை, மாமாவைத்தான் உனக்கே தெரியுமே. “இது வருஷக்கணக்கா உள்ள சேர்ந்த அடைப்பும்மா. நீங்க போட்ட ரெண்டு முட்டையால ஒரு காலையில வந்தது இல்ல. அவர் கடைசியா சாப்பிட்டது அக்கா கையால, அவ்வளவுதான்” என்றார். அம்மா பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேற்றுக் காலை அவளே முட்டை வேகவைத்தாள். இரண்டாக வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டி, “நாடியைப் புடிச்சுக்கங்க, நான் முழுங்குற வரைக்கும் விடாதீங்க” என்றாள். பிடித்துக்கொண்டேன். மஞ்சளோடு சேர்த்து மெதுவாக மென்றாள். என் விரலுக்கடியில் அடித்துக்கொண்டது அவள் நாடியா என் நாடியா என்று எனக்குப் புரியவில்லை. தட்டு காலியான பிறகும் அவள் கையை எடுக்கவில்லை, நானும் விடவில்லை. பேக்கரிக்குத் தாமதமாகப் போனேன்.

இன்னும் என் பயம் முழுசாகப் போகவில்லை, அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நிறைவாக வாழவேண்டும். போனில் பேசும்போது அம்மாவிடம் மயக்கத்தைப் பற்றிக் கேட்காதே, மாமாவைப் பற்றிப் பேசு. அவளுக்கு அதைப் பேச ஆள் வேண்டும்.

என்றும் உன் நினைப்பில்,
அப்பா