பெல்ரிவ் நீக்கிய குரல்

காஞ்சிபுரம்,
ஆவணித் திங்கள் 12.

மான்ட்ரியால் மாநகரின் படத்தொகுப்பறையில் பணியாற்றும் அருமைத் தம்பி சிவபாலனுக்கு, மயில்வாகனம் வணக்கத்துடன் வரைவது.

உன் இயக்குநர், பிரெஞ்சுக் கனடியர் பெல்ரிவுக்கு வாழ்நாள் விருது கிடைத்ததை நாளேட்டில் கண்டேன். உறைந்த ஆற்றில் மரம் இழுப்போரைப் பற்றிய முதற்படம் தொடங்கி, ஆறு படங்களிலும் ஆறுகளையே காட்டினார். படத்துக்குப் படம் பேச்சைக் குறைத்து, ஆறாவதில் அறவே துறந்தார். அதுவே அவர் கலையின் கொடுமுடி என்று பிரெஞ்சு ஏடுகள் போற்றுகின்றனவாம். போற்றட்டும்.

அந்த ஆறாம் படத்துக்காகத்தான் செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் என்னை நிறுத்தி, நாற்பது மணித்துளி பேசவைத்தார். நானும் ‘உலகத் திரையில் காஞ்சியின் குரல்’ என்று தட்டி கட்டி, திருமண மண்டபத்தில் ஊரைக் கூட்டித் திரையிட்டேன். திரையில் என் வாய் அசைந்தது. காற்று மட்டும் இரைந்தது. நம் வட்டச் செயலாளர் வீரபாகு எழுந்து, ஸ்பீக்கர் அவுட்டாயிடுச்சு, ஒயரைப் பாருப்பா என்று கூவ, இருமுறை படத்தை நிறுத்தி ஒயரை மாற்றினார்கள். அன்று சினந்தேன். இன்று சினக்கவும் வலுவில்லை.

வரும் புதன்கிழமை சென்னையில் என் குரல்வளையை அகற்றுகிறார்கள். புற்று. இப்போதே கரகரப்பன்றி வேறொன்றும் எழுவதில்லை. என் துணைவி ஏலவார்குழலியிடம் சொன்னபோது, முப்பது வருசமா நீங்களே பேசிக்கினு இருந்தீங்க, இனிமே நான் பேசுறேன், நீங்க கேளுங்க என்று சிரித்தாள். சிரித்தவள் அடுக்களைக்குள் போய் நெடுநேரம் வெளிவரவில்லை.

மேடைகளில் நான் முழங்கியவை எத்தனையோ கைப்பேசிகளில் உள்ளன. அவை அவளுக்கு வேண்டாவாம். அது ஊருக்குப் பேசின குரல் என்கிறாள். அன்று மணலில் பேசி முடித்ததும், சட்டையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்து, மோர்ச்செம்போடு நின்றவளை, குழலி, வெயில்ல நிக்காத, இப்படி வா என்று அழைத்தேன். அந்த ஒரு வரிதான் அவளுக்கு வேண்டும்.

படம் வெளியானதும் எஞ்சிய ஒளியையும் ஒலியையும் அழித்துவிடுவது பெல்ரிவின் மாறா வழக்கம் என்று நீயே எழுதியிருந்தாய். அறிவேன். ஆயினும் ஒருமுறை தேடு, தம்பி.

கிடைக்கவில்லையெனில் மறுமொழி எழுதாதே. சிவபாலன் இன்னும் தேடுகிறான் என்று அவளுக்கு எழுதிக் காட்டிக்கொண்டிருப்பேன்.

நீ நீடு வாழ்க.

அன்புடன்,
மயில்வாகனம்