சினை மாடும் சட்டசபையும்

பிப்ரவரி 24
ராஜினாமா கொடுத்தாயிற்று. சர்க்கார் சம்பளத்தில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. மனைவி சுப்புலட்சுமி சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள். குன்னத்தூரைச் சுற்றி இத்தனை ஊருக்கும் மாட்டு டாக்டர் நான் ஒருத்தன்தான். இன்னும் ஆள் போடுங்கள் என்று மனு எழுதிச் சலித்துவிட்டது. சட்டசபையில் போய்க் கேட்டால்தான் நடக்கும்.

மார்ச் 27
போகிற இடமெல்லாம் ஆரத்தி எடுத்த கையோடு மாட்டைக் காட்டுகிறார்கள். தெய்வாத்தாள் தோட்டத்தில் மடிநோய். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து பீச்சிப் பார்த்தேன். என் தேர்தல் வேலையைக் கவனிக்கும் தங்கராஜ் வண்டியிலிருந்து பல்லைக் கடித்தார். ஆனாலும் தோட்டத்து ஓட்டு அப்படியே நமக்கு என்கிறார். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் லைன் வீடுகளில்தான் சிரமமாம், அங்கே யாரிடமும் மாடு இல்லை.

ஏப்ரல் 6
தெய்வாத்தாள் மை வைத்த விரலைக் காட்டிச் சிரித்தார்.

மே 2
தோற்றேன்.

மே 4
பூத் வாரியாகப் பார்த்தோம். லைன் வீட்டுக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். தோட்டத்துக்காரர்கள் போடவில்லை. இந்தக் கையால் எத்தனை கன்றை வெளியே எடுத்திருப்பேன் — என்னடா தப்புப் பண்ணினேன்?

மே 9
மாடு ஈன முடியாமல் படுத்திருக்கிறது என்று தெய்வாத்தாள் போன் செய்தார். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன். கன்றின் கால் மடங்கியிருந்தது, நிமிர்த்தி எடுத்தேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது, எனக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டே விட்டேன்.

"உங்களுக்குப் போடலீங்க சாமி. ஜெயிச்சா மெட்ராசுக்குப் போயிருவீங்க, எங்க மாட்டை ஆருங்க பாக்கறது? தோத்துட்டா மறுக்கா ஆசுபத்திரிக்கே வந்துருவீங்கன்னு எல்லாரும் பேசி வெச்சோமுங்க."

ராஜினாமா கொடுத்தவனை மறுபடி எடுக்க மாட்டார்கள் என்றேன். சொம்புத் தண்ணீர் முழுவதையும் என் காலிலேயே ஊற்றிவிட்டார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆகஸ்ட் 17
ஆசுபத்திரி பூட்டியே கிடக்கிறது. இன்று தோட்டத்துக்காரர்களும் நானுமாய் டாக்டர் கேட்டு மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போனோம், இந்தத் தடவை மாடுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு. வாசலெல்லாம் சாணி. அதிகாரி தானே இறங்கி வந்தார்.

நவம்பர் 15
புது டாக்டர் ஜனனி சேர்ந்துவிட்டார். சின்னப் பெண்தான், பதற்றமில்லாத கை. தெய்வாத்தாள் வீடு தேடி வந்து, இனி நான் தைரியமாகத் தேர்தலில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 3
பேரூராட்சி கவுன்சிலராகப் பதவியேற்று மறுநாள். தோட்டத்து ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை என்று தங்கராஜுக்குப் பெருமை. எனக்கும்தான்.

காலையில் தெய்வாத்தாள் போன். சட்டையை மாட்டிக்கொண்டே எடுத்தேன். தெருவிளக்கு எரியவில்லையாம். சொல்லி முடித்ததும், மாடு எப்படி இருக்கிறது என்று நானாகவே கேட்டேன்.

"அதெல்லாம் டாக்டரம்மா பாத்துக்கறாங்க. நீங்க லைட்டைப் பாருங்க, சாமி."