இல்லாத நொதியின் பட்டை

மார்ச் 3, திங்கள்
நான்கு வருடமாக எனக்குச் சோறு போட்ட சீசா தீரப்போகிறது. அடியில் இரண்டு சொட்டுதான். ஏதோ ஒரு முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள். மூட்டுக் குருத்தெலும்பை அரிக்கும் நொதி இருந்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், தாளில் கறுப்புப் பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். என் ஆய்வேடே அந்தப் பட்டைதான். புதுச் சீசா வந்திருக்கிறது, இது வேறொரு முயலினுடையது.

மார்ச் 6
ஆணி அடித்தாயிற்று. இந்த நாட்டு வழக்கப்படி, அச்சான ஆய்வேட்டில் துளை போட்டு, துறைச் சுவரில் நானே சுத்தியலால் அடித்தேன். இனி ஒரு வரி மாற்ற முடியாது. மூன்று வாரம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிறகு வாய்மொழித் தேர்வு. என் வழிகாட்டி ரூனே கேக் வெட்டினார். அம்மா ரயிலேறி வந்திருந்தாள். சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் 10
புதுச் சீசாவில் பட்டையே வரவில்லை. மூன்று முறை செய்துவிட்டேன்.
ரூனே சிரித்தார். "சரக்கு மோசமா இருக்கும். கம்பெனிக்கு எழுதிப் போடு."
அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே?

மார்ச் 12
குன்வோர் (எங்கள் ஆய்வகத்தின் மூத்த உதவியாளர்) நான் கேட்காமலே எதிர்க் கட்டடத்து எலிக்கூடத்துக்குப் போய், அந்த நொதியே இல்லாமல் பிறக்கவைத்த எலியின் முழங்காலை வாங்கிவந்தாள். பழைய சீசாவின் கடைசிச் சொட்டுகளை அதில் செலவழித்தோம். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் பட்டை. கறுப்பாக, அழகாக.
அப்படியானால் அது நொதி இல்லை. நான்கு வருடம் வேறு எதையோ அளந்திருக்கிறேன்.
"மொத வருஷமே சொன்னேன், இந்த எலிய ஒரு தடவ வெச்சுப் பாருன்னு," என்றாள். "ரோட்டத் தாண்டப் பனியா இருக்குன்னு நீதான் சொன்ன."
சொன்னேன்தான். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

மார்ச் 13
சாப்பிட முடியவில்லை.

மார்ச் 14
ரூனேவிடம் தாளைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.
"திரும்பச் செய்ய முடியுமா?"
"பழைய சீசால ஒரு சொட்டு இல்ல."
"அப்ப ஒரே ஒரு தடவ வந்தது. அத வெச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது, ஆல்வா. சுவத்துலேந்து நீ இறக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா இத வெச்சு அச்சான நாலு கட்டுரையையும் சேத்துல்ல இறக்கணும்? அதுல என் பேரும் இருக்கு."
மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரே தடவைதான் என்பதும் உண்மை – அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

மார்ச் 20
இறக்கவில்லை. காபி நேரத்தில் குன்வோர் வேறு மேசையில் உட்கார்ந்தாள்.

மார்ச் 28
தேறிவிட்டேன். டென்மார்க்கிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு மணி நேரம் குடைந்தார். நொதி இல்லாத எலியில் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத எனக்கே கூசுகிறது.

அக்டோபர் 9
போர்த்துகலிலிருந்து ஓட்டிலியா என்றொரு மாணவியின் மின்னஞ்சல். என் கட்டுரையை வைத்துக்கொண்டு எட்டு மாதமாக அதே சோதனையைச் செய்கிறாளாம், பட்டை வரவில்லையாம். இரண்டு சீசா மாற்றியாயிற்று. அவள் கைதான் சரியில்லை என்கிறாராம் வழிகாட்டி. டிசம்பருக்குள் பட்டை வராவிட்டால் வெளியே அனுப்பிவிடுவாராம். தான் செய்வதில் என்ன தவறு என்று கேட்டிருந்தாள்.
காலை முழுக்க எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், தாளை எதிர்ப்பொருளில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஊறவைத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன்.
உடனே நன்றி வந்தது. நாளைக்கே செய்துபார்க்கிறாளாம்.