யாரோ எழுதின லைப்ரரி

கண்டி,
19.05.2025

அன்பான ஷெரோன் அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேங்கிற, அதான் கடுதாசி. அந்தோனியார் திருவிழா காசு உன் போன் வாலட்டுக்குத்தானே வருது? யாரு அனுப்பினான்னு ஒவ்வொண்ணா பார்த்து எழுதிச் சாகாத. ஒரு லைப்ரரி கெடச்சிருக்கு. வாலட் கம்பெனியோடது இல்ல, யாரோ கோட் எழுதி, எவனும் எடுத்துப் பாவிக்கட்டும்னு நெட்ல சும்மா போட்டது. அத வச்சு என் கம்ப்யூட்டர் உன் வாலட்டுக்குள்ள போய், பேரெல்லாம் தானா எடுத்துரும். ரகசிய நம்பர் மட்டும் வேணும். போன்ல அனுப்பாத, எவனாவது பார்ப்பான். கவர்ல ஒட்டி பஸ் கண்டக்டர் நிஸாம் அண்ணன்கிட்ட குடு.

உன் தம்பி,
எஸ்ரன்

ஹுன்னஸ்கிரிய,
22.05.2025

அன்புத் தம்பிக்கு,

லைப்ரரின்னு வாசிச்சதும் நீ விட்ட படிப்பை முடிக்க திரும்ப பேராதனை கெம்பஸ் போறேன்னு நெனச்சு அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திட்டாங்க. வெளங்கப்படுத்தினேன். ஊதி அணைச்சிட்டாங்க.

யாரோ எழுதினதுன்னா, அந்த யாரோ யாருடா? கம்பெனிக்காரன் குடுக்காத சாவியில உள்ள போறதுக்கு வேற பேரு இருக்கு. இது கோயில் காசு. ஃபாதர்கிட்ட நான்தான் பதில் சொல்லணும்.

நம்பர் உள்ள துண்டுல இருக்கு. நான் சொல்ற வரைக்கும் தொடாத. கடைக் கொத்து ரொட்டியையே தின்னுக்கிட்டு கெடக்காத.

ஷெரோன் அக்கா

ஹுன்னஸ்கிரிய,
26.05.2025

எஸ்ரன்,

நேத்து பூசையில மெசேஜ் வந்துச்சு. பிழையான நம்பரை திரும்பத் திரும்ப போட்டதால வாலட்டை பூட்டிட்டாங்களாம். தொடாதன்னுதானே சொன்னேன்?

நான் குடுத்தது பொய் நம்பர்டா. நீ பொறுப்பியான்னு பாக்கத்தான்.

ஷெரோன்

கண்டி,
28.05.2025

அக்காவுக்கு,

தொட்டேன். ஒரே ஒரு தரம். பிழைன்னு வந்துச்சு. லைப்ரரியிலதான் கோளாறுன்னு நெனச்சு அதோட கோட் முழுசையும் அப்பதான் வாசிச்சேன். அடியில ஒரு வரி. போடுற நம்பரை வேற எவனுக்கோ அனுப்புது. மத்த தரமெல்லாம் போட்டுப் பார்த்தது அவன்.

நீ நெச நம்பர் குடுத்திருந்தா கோயில் காசு போயிருக்கும். நீ செஞ்சது சரி. சரின்னு எழுதவே கை கூசுது. அந்தப் பொறி அவனுக்கு வச்சது இல்லையே, எனக்கு வச்சது.

லைப்ரரிய அழிச்சிட்டேன். நீ நம்பரை மாத்து.

எஸ்ரன்

ஹுன்னஸ்கிரிய,
02.06.2025

அன்புத் தம்பிக்கு,

அடையாள அட்டையோட கண்டியில கம்பெனி ஆபீசுக்கு வந்து வாலட்டை திறந்து, நம்பரையும் மாத்திட்டேன். குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி உன் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். உன் செருப்பு வெளிய கெடந்துச்சு. தட்டல.

பழைய நெச நம்பர் இனி எவனுக்கும் உதவாது, சொல்றேன். நீ பொறந்த வருஷம். போன் வாங்கின அன்னிக்கு வச்சது.

திருவிழாவுக்கு வா. பேரெல்லாம் கையால எழுதணும், உன் எழுத்துதான் வடிவு.

புது நம்பரை மட்டும் கேக்காத.

ஷெரோன் அக்கா